கையில் பழைய நேரம், பையில் புது நேரம்

மழை கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், பவுசர் லொறி நிறையத் தண்ணீர் ஏற்றிக்கொண்டு கனகராயன்குளம் போன பொன்னையா, ஒரு சொட்டும் இறக்காமல் வவுனியாவுக்குத் திரும்பி வந்தார். நனைந்த கோழியாக அலுவலக வாசலில் நின்று, கேட்டவர் கேளாதவர் எல்லாருக்கும் ஒரே கதையைச் சொன்னார்.

“பள்ளிக்கூடக் கிணறு வாய்முட்ட நிக்குது. பிள்ளையள் குனிஞ்சு கையாலயே அள்ளுதுகள். தண்ணி கொண்டு வந்திருக்கிறன் எண்டு சொன்ன உடன அதிபர் குடையோட வெளியில வந்து, ‘அண்ணை, எங்களட்ட மிச்சம் கிடக்கு, கொஞ்சம் ஏத்திக்கொண்டு போறியளோ’ எண்டு கேக்கிறார். எனக்கு வெக்கத்தில தலை நிலத்துக்குள்ள போட்டுது.”

அலுவலகமே சிரித்தது. ஐப்பசி மழையில் ஊர் மிதக்கும்போது தண்ணீர் கொண்டு போனவன் கதை என்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? றிஸ்வானால் மட்டும் சிரிக்க முடியவில்லை. அந்தத் தண்ணீரைக் கேட்டு வந்த கோரிக்கையைச் சரியென்று ஏற்றுக்கொண்டது அவன் எழுதிய புரோகிராம். அனுப்பியவன் பெயர் அனோஜன் என்று அதில் இருந்தது. நிறுவனத்தின் வெளிக்கள உத்தியோகத்தனான அனோஜனைக் காணாமல் அப்போது இரண்டு கிழமையாகியிருந்தது.

விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகத்தான் சொல்ல வேண்டும். அது 2005ஆம் ஆண்டு. சண்டை ஓய்ந்திருந்தது, ஓய்ந்ததே தவிர முடிந்திருக்கவில்லை. ‘நீர்த்துணை’ என்ற அந்தச் சிறிய நிறுவனம் வன்னிக் கிராமங்களின் பொதுக்கிணறுகளைக் கவனித்து வந்தது. அதன் உத்தியோகத்தர்கள் அரசாங்கப் பகுதி முடிகிற ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டி இயக்கத்தின் பகுதிக்குள் போய், எந்தக் கிணற்றுக்கு என்ன தேவை என்பதைக் கைத்தொலைபேசியில் எழுதி அனுப்புவார்கள். அது வவுனியா அலுவலகத்துச் சேர்வருக்கு வந்து சேரும். சேர்வர் சரிபார்த்து, பவுசருக்கோ குளோரினுக்கோ உத்தரவு கொடுக்கும்.

வந்தவன் போனவனெல்லாம் தண்ணீர் கேட்டுவிடக் கூடாது அல்லவா? அதற்காக றிஸ்வான் ஒரு காவல் வைத்திருந்தான். ஒவ்வொரு போனுக்குள்ளும் ஓர் இரகசியத் திறப்பு, பூட்டுக்குச் சாவி மாதிரி. அதே திறப்பின் பிரதி சேர்வரிலும் உண்டு. உத்தியோகத்தர் கோரிக்கையை எழுதி, தன் இரகசிய இலக்கத்தை அழுத்தியதும், போன் அந்தத் திறப்பைக் கொண்டு கோரிக்கைக்கு ஒரு கையொப்பம் போடும். ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. சேர்வர் கதவைச் சாத்திவிடும். ஓமந்தைக்கு அப்பால் சிக்னல் இல்லாதபடியால், கையொப்பம் போட்ட கோரிக்கை போனுக்குள்ளேயே காத்துக் கிடந்து, சிக்னலைக் கண்டதும் தானாகப் பறக்கும். இதையெல்லாம் தனியாக இருந்து எழுதி முடித்தபோது றிஸ்வானுக்குக் கால் தரையில் பாவவில்லை. இருபத்தாறு வயதில் அந்த அளவு பெருமை இல்லாவிட்டால்தான் பிழை.

நிறுவனத்தின் பொறுப்பாளர் செல்வநாயகம் பயந்த சுபாவக்காரர். பொன்னையா சொன்னதைக் கேட்டதும் றிஸ்வானை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“அந்தத் திறப்பு எத்தினை இடத்தில இருக்கு?”

“ரெண்டு இடத்தில சேர். அனோஜன் அண்ணையின்ர போனில. எங்கட சேர்வரில.”

“அப்ப ஒண்டில் அவன் எங்கையோ ஒளிச்சிருந்து விளையாடுறான். இல்லாட்டி இஞ்ச இருந்து நீர் விளையாடுறீர். மூண்டாவது ஆள் இல்லைத்தானே?”

றிஸ்வானுக்கு முகம் சிவந்தது. பதில் சொல்ல வாய் திறக்கும் முன்பே கதவைத் தள்ளிக்கொண்டு ஜெயரூபி உள்ளே வந்தாள். அனோஜனின் மனைவி, பாலர் பாடசாலையில் படிப்பிப்பவள். நனைந்த சேலையோடு, நெஞ்சோடு ஒரு கடதாசிப் பொதியை அணைத்துப் பிடித்திருந்தாள்.

“தம்பி, நீங்கள்தானே சொன்னீங்கள் அது அவர்தான் எண்டு?” என்றாள். “பொலிசில என்ர முறைப்பாட்டை எழுத மாட்டினமாம். ‘உயிரோட இருந்து தண்ணி கேக்கிறவனைக் காணேல்லை எண்டு எப்பிடி எழுதுறது, வீட்டை போய்ப் பாரும், வந்து நிப்பான்’ எண்டு சிரிக்கினம். அவர்தான் எண்டா எங்க இருக்கிறார்? ஏன் எனக்கு ஒரு சொல் சொல்லேல்ல? தண்ணி கேக்கத் தெரிஞ்சவருக்கு என்னோட கதைக்கத் தெரியாதோ?”

உண்மைதான். கோரிக்கை வந்த அன்று மாலையே சைக்கிளில் ஓடிப்போய் அவளிடம் சொன்னவன் றிஸ்வான். ‘அக்கா, கையொப்பம் அச்சொட்டா பொருந்துது. அது அவரேதான். அவர் இருக்கிறார்’ என்று மூச்சு வாங்கச் சொன்னான். அவள் அழுதுகொண்டே சிரித்ததைப் பார்த்து, உலகத்துக்கே நல்லது செய்துவிட்டவன் மாதிரி வீடு திரும்பினான். இப்போது அந்தக் கடதாசிப் பொதி அவிழ்ந்து, உள்ளே ஒரு நீலச் சேட் தெரிந்தது. தீபாவளிக்கென்று அனோஜனுக்கு வாங்கியிருக்கிறாள்.

செய்வதறியாமல் நின்றவனுக்கு ஒரே ஒரு பெயர்தான் நினைவுக்கு வந்தது.

விமலேஸ்வரி ஒரு காப்புறுதி நிறுவனத்தின் வவுனியாக் கிளையில் விசாரணை உத்தியோகத்தர். லொறி தானாகக் குளத்துக்குள் பாய்ந்ததா, அல்லது யாராவது பாய விட்டார்களா என்று பார்த்துச் சொல்வது அவளுடைய தொழில். நாற்பது வயது கடந்தவள். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. பொய் சொல்பவர்களிடம் இன்னும் மரியாதையாகக் கதைப்பாள். அவர்களும் அந்த மரியாதையில் வழுக்கி விழுந்துவிடுவார்கள். றிஸ்வானின் வாப்பாவுடைய கடை எரிந்தபோது விசாரிக்க வந்ததிலிருந்து அந்தக் குடும்பத்துக்குப் பழக்கம். இரும்புக்கடைக்கு மேலேயிருந்த அவளுடைய சிறிய அறையில் றிஸ்வானையும் ஜெயரூபியையும் கதிரையில் இருத்தி, துவாய் கொடுத்து, கேட்டது முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“சரி. அந்தக் கோரிக்கையில என்ன எழுதியிருந்தது?”

“கனகராயன்குளம் பள்ளிக்கூடக் கிணறு அடிவரைக்கும் வத்திப் போச்சு, பிள்ளையளுக்குக் குடிக்கத் தண்ணி இல்லை, உடன பவுசர் அனுப்பவும் எண்டு” என்றான் றிஸ்வான்.

“எப்ப எழுதினது எண்டு அதில இருக்குமோ?”

றிஸ்வான் தலையைச் சொறிந்தான். “முந்தி இருந்தது அக்கா. போனில இருக்கிற நேரமும் சேர்வரின்ர நேரமும் ஒத்துப் போனாத்தான் ஏற்கும். ஆனா உங்களுக்குத் தெரியும்தானே இஞ்சத்தைய கூத்து? அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினதால நாங்கள் இஞ்ச புது நேரத்தில நிக்கிறம். இயக்கக்காரர் அங்கால பழைய நேரத்தை விடேல்ல, அரை மணித்தியாலம் பிந்தி நிக்கினம். உள்ள போறவை சில பேர் போனிலயும் நேரத்தை மாத்துவினம், சில பேர் மாத்த மாட்டினம். ஒவ்வொரு நாளும் கோரிக்கை திரும்பித் திரும்பிப் போகுது. எனக்கு விசர் பிடிச்சு அந்த நேரம் பாக்கிறதையே கழட்டி எறிஞ்சிட்டன்.”

“அப்ப உம்மட புரோகிராம் ஆர் எண்டு கேக்கும். எப்ப எண்டு கேக்காது.”

“ஓம். ஆனா காத்துக் கிடந்து வந்த பழைய கோரிக்கையா இருக்க வழியில்லை அக்கா” என்று றிஸ்வான் அவசரப்பட்டான். “நானும் அதை யோசிச்சனான். ஆனா காணாமப் போன அண்டைக்குப் பின்னேரம் அண்ணை ஓமந்தையால இஞ்சால வந்திட்டார். அங்கயிருந்து வீட்டுக்குப் போன் பண்ணினவர். போன் பண்ண சிக்னல் இருந்ததெண்டா கோரிக்கையும் அப்பவே பறந்திருக்கும். பறக்கேல்ல. அப்ப அது பிறகு எழுதினதுதான்.”

அவனுடைய தருக்கத்தில் எள் போடவும் இடமில்லை. விமலேஸ்வரி கொஞ்ச நேரம் யன்னலூடாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜெயரூபியின் பக்கம் திரும்பினாள்.

“அவர் கதைச்சது உம்மட வீட்டுப் போனுக்கோ?”

“எங்களட்டப் போன் இல்லை அக்கா. பக்கத்து வீட்டு மீனம்மா அன்ரியின்ர போனுக்கு எடுப்பார். அவா கூப்பிடுவா. அண்டைக்கும் அப்பிடித்தான்.”

“என்ன கதைச்சவர்? ஒண்டும் விடாமச் சொல்லும்.”

“பெரிசா ஒண்டும் இல்லை. ‘ஓமந்தைப் பொயின்ற்றுக்கு இஞ்சால வந்திட்டன். இப்ப அஞ்சு மணி, அஞ்சரைக்கு வீட்டில நிப்பன், பிட்டு அவி’ எண்டார்.” ஜெயரூபி துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள். “மீனம்மா அன்ரியின்ர சுவர் மணிக்கூட்டில அப்பவே அஞ்சரை. பழைய நேரத்தைச் சொல்லுறார் எண்டு விளங்கிச்சுது. அவர்ர தலை இன்னும் அங்கால நிக்குது எண்டு நினைச்சுச் சிரிச்சனான்.”

“முந்தியும் அப்பிடி மாறிச் சொல்லுறவரோ?”

“ஒரு நாளும் இல்லை. அவர் அதில சரியான கவனம். கை மணிக்கூட்டில பழைய நேரம் வைச்சிருப்பார், உள்ள கூட்டங்களுக்குப் போக. போனில புது நேரம். ‘கையில பழைய நேரம், பையில புது நேரம், எனக்கு மட்டும் ரெண்டு அரசாங்கம்’ எண்டு பகிடி விடுவார். எனக்கு எடுக்கேக்க எப்பவும் போனைப் பாத்துப் புது நேரம்தான் சொல்லுவார்.”

விமலேஸ்வரி எழுந்து குடையை எடுத்தாள். “பொன்னையா அண்ணை பவுசரோட நிக்கிறாரோ? ஓமந்தை மட்டும் ஒருக்கால் கொண்டுபோய் விடச் சொல்லுவம்.”

“என்ன அக்கா, பிடிச்சிட்டீங்களோ?” றிஸ்வான் துள்ளி எழுந்தான். “அண்ணை எங்க இருக்கிறார்?”

அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவனுடைய உற்சாகம் பாதியாகியது. “அவர் எங்க எண்டு எனக்குத் தெரியாது. அந்தக் கோரிக்கை எங்க இருந்தது எண்டு தெரியும் எண்டு நினைக்கிறன்” என்றாள்.

பவுசரின் முன்பக்கத்தில் நான்கு பேர் நெருக்கி அடித்துக்கொண்டு இருந்தார்கள். வழி நெடுக மழை. ஜெயரூபி சேட் பொதியைக் கீழே வைக்கவே இல்லை. றிஸ்வான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வெளியே பார்த்தான். தண்ணீரைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

சோதனைச் சாவடிக்கு வவுனியாப் பக்கமாக நாலைந்து கடைகள் இருந்தன. விமலேஸ்வரி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்து, அப்புத்துரையின் தேத்தண்ணிக் கடை வாசலில் நின்றாள். உள்ளே காசு மேசையில் ஒரு தொலைபேசி. சுவரோரப் பலகையில் விதவிதமான சார்ஜர்கள். வன்னிக்குள் போய் வருகிறவர்கள் போனுக்கு உயிர் ஏற்றிக்கொள்வது அங்கேதான். அறுபதை நெருங்கிய அப்புத்துரை, வந்தவர்களை வாங்கோ இருங்கோ என்று உபசரித்தவர், ஆளைத் தேடி வந்தவள் போல் நின்ற ஜெயரூபியைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார். கேட்காமலே நாலு தேத்தண்ணி போட்டார். நாலுக்கும் சீனி போட மறந்துவிட்டார்.

“ஐயா, நாங்கள் பொலிஸ் இல்லை” என்றாள் விமலேஸ்வரி. “இவர் றிஸ்வான், கொம்பியூட்டர் வேலை. இவா அனோஜன்ர மனுசி. நான் ஒரு கதை சொல்லுறன். பிழையெண்டா திருத்துங்கோ. சரியெண்டா சும்மா கேட்டுக்கொண்டிருங்கோ.”

அப்புத்துரை துடைத்த மேசையையே திரும்பவும் துடைத்தார்.

“போன கிழமை ஒரு கோரிக்கை வந்தது, கிணறு வத்திப் போச்சு எண்டு. வானம் பொத்துக்கொண்டு ஊத்துற நாளில அப்பிடி எழுத ஒருத்தனாலயும் ஏலாது. றிஸ்வான் கள்ளமா எழுதியிருந்தாலும், வெளியில எட்டிப் பாத்திட்டு வேற ஏதும் கேட்டிருப்பார். போனைக் களவெடுத்தவனும் அப்பிடித்தான். அனோஜன் உயிரோட நிண்டு எழுதியிருந்தா... கிணறு பாக்கிறது அவர்ர தொழில். மழை பெய்யுது எண்டு அவருக்கு ஒருத்தர் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆகவே அது மழைக்கு முந்தி எழுதினது. அவர் கனகராயன்குளத்துக்குப் போன அண்டைக்கு நிலம் வெடிச்சுக் கிடந்தது. கிணத்தடியில நிண்டு எழுதி, இரகசிய இலக்கம் அடிச்சுக் கையொப்பமும் போட்டிட்டார். அதுக்குப் பிறகு அது போனுக்குள்ள காத்துக் கிடந்தது.”

“ஆனா அவர் இஞ்ச வந்து போன் பண்ணினவர் அக்கா” என்று றிஸ்வான் குறுக்கிட்டான். சொல்லும்போதே அவன் குரலில் உறுதி குறைந்திருந்தது.

“போன் பண்ணினவர். எந்தப் போனால?” விமலேஸ்வரி காசு மேசையைப் பார்த்தாள். “தன்ர போனைக் காதில வைக்க முதல் அதைப் பாத்துத்தான் நம்பர் அடிக்க வேணும். அதில புது நேரம் பளிச்செண்டு தெரியும். ஒரு நாளும் பிழைவிடாத மனுசன் அண்டைக்கு மட்டும் ஏன் பழைய நேரம் சொன்னார்? கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பாத்திருக்கிறார். பைக்குள்ள இருந்த போன் அவருக்கு நேரம் சொல்லேல்ல. அது வரேக்குள்ளயே செத்துப் போச்சு. வேற போனால கதைச்சுக்கொண்டு, தன்ர போனைச் சார்ஜுக்குப் போட்டிருக்கிறார். இஞ்ச ரெண்டு வசதியும் உள்ள கடை இது ஒண்டுதான்.”

றிஸ்வானுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்காமல் இருந்திருக்கலாம் என்று மனம் அடித்துக்கொண்டது. கையொப்பம் பொருந்தியது என்று அவன் ஓடிப்போய்ச் சொன்ன அந்த மாலையை எடுத்து எங்கேயாவது புதைத்துவிட முடியாதா என்றிருந்தது.

“போன கிழமை அந்தப் போனை ஆரோ திருப்பி உயிர்ப்பிச்சிருக்கினம்” என்று விமலேஸ்வரி மெல்ல முடித்தாள். “இரகசிய இலக்கம் தெரியத் தேவையில்லை. ஒரு பொத்தானை அமத்தினாக் காணும். ஏன் எண்டு மட்டும் எனக்குத் தெரியேல்ல. அதை நீங்கள்தான் சொல்ல வேணும் ஐயா.”

அப்புத்துரை குசினிக்குள் போனார். ஓடித் தப்பிவிடப் போகிறார் என்று றிஸ்வான் பாதி எழுந்தான், விமலேஸ்வரி கையமர்த்தினாள். சற்று நேரத்தில் கிழவர் ஒரு சீனி டின்னோடு திரும்பி வந்தார். மூடியைத் திறந்து, பிளாஸ்ரிக் பையில் சுற்றிய ஒரு போனை எடுத்து ஜெயரூபியின் முன்னால் வைத்தார். அதன் முதுகில் ஒட்டியிருந்த பாலர் பாடசாலை ஸ்ரிக்கரை, ஒரு சிவப்பு மீனை, அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“உன்னோட கதைக்க ஒரு நம்பர் அதுக்குள்ள இருக்கும் எண்டுதான் பிள்ளை அமத்தினனான்” என்றார் அப்புத்துரை. “உனக்கு ஒரு சொல் சொல்லாட்டி எனக்குச் சோறு இறங்காது. எத்தினை நாளைக்கு டின்னை மூடி வைச்சுக்கொண்டு இருக்கிறது? அமத்தினன். அது பாட்டுப் பாடிக்கொண்டு வெளிச்சம் வந்து, ஏதோ கடிதம் பறக்கிற மாதிரிப் படம் காட்டிச்சுது. எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. ஆருக்கோ நான் இருக்கிற இடம் சொல்லுது எண்டு நினைச்சன். பற்றரியைக் கழட்டிப்போட்டன்.”

“அவருக்கு என்ன நடந்தது ஐயா?” என்றாள் ஜெயரூபி.

“தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு போன் சார்ஜ் ஏறட்டும் எண்டு நிண்டவர். ஒரு வான் வந்து நிண்டது. இறங்கினவங்கள் பேர் கேட்டாங்கள். ‘அனோஜன்’ எண்டார். அடையாள அட்டையை வாங்கினாங்கள். படத்தைப் பாத்தாங்கள், முகத்தைப் பாத்தாங்கள், திரும்பவும் படத்தைப் பாத்தாங்கள். சரி எண்டு தலையாட்டிப்போட்டு ஏத்தினாங்கள். ஒருத்தன் அவர்ர மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு பின்னால போனான். பாதித் தேத்தண்ணி மேசையில ஆறிக் கிடந்தது.”

பெயரைக் கேட்டு, அட்டையைச் சரிபார்த்து, ஆள் அவன்தான் என்று நிச்சயப்படுத்திக்கொண்டுதான் கொண்டுபோயிருக்கிறார்கள். றிஸ்வான் கண்களை மூடிக்கொண்டான். அவனும் சேர்வரும் சேர்ந்து நாள்தோறும் செய்கிற வேலையைத்தான் அவர்களும் பிழையில்லாமல் செய்திருந்தார்கள்.

“ஆர் அவங்கள்?” என்று கேட்டான்.

“தம்பி, எனக்கு மூண்டு பொம்பிளைப் பிள்ளையள்” என்றார் அப்புத்துரை. பிறகு ஜெயரூபியை நோக்கிக் கை கூப்பினார். “பொலிசில வந்து சொல்லு எண்டு மட்டும் கேக்காதை பிள்ளை. நான் வரமாட்டன். என்னைத் திட்டு. ஏசு. வரமாட்டன்.”

றிஸ்வான் விமலேஸ்வரியைப் பார்த்தான். இத்தனையையும் அவிழ்த்தவளுக்கு இதற்கும் ஒரு வழி தெரிந்திருக்கும் என்று நம்பினான். அவள் சீனியில்லாத தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டுக் குனிந்துகொண்டாள். “லொறி எண்டா எழுதி மேலிடத்துக்கு அனுப்பலாம்” என்று தனக்குத்தானே சொன்னாள்.

ஜெயரூபி அழவில்லை. எழுந்து போய் அப்புத்துரையின் கூப்பிய கைகளைக் கீழே இறக்கிவிட்டாள். “நீங்கள் ஒரு இடமும் வரத் தேவையில்லை ஐயா” என்றாள். “அவர் தேத்தண்ணிக்குக் காசு குடுத்தவரோ?”

“ஐயோ பிள்ளை!” என்று கிழவர் குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினார்.

அடுத்த நாள் விமலேஸ்வரியும் கூடப் போய், அந்தக் கோரிக்கை மழைக்கு முந்தியது என்பதை ஆறுதலாக எடுத்துச் சொன்ன பிறகு, பொலிசில் முறைப்பாட்டை எழுதிக்கொண்டார்கள். கடைசியாக எங்கே கண்டது என்ற கேள்விக்கு ஜெயரூபி ‘தெரியாது’ என்று பதில் சொன்னாள். அனோஜன் ‘உயிரோடு தண்ணீர் கேட்பவன்’ என்பதிலிருந்து ‘காணாமற் போனவன்’ ஆனான். அவ்வளவு பாடுபட்டும் கிடைத்தது அந்த ஒரு சொல்தான். தேடி யாரும் புறப்படவில்லை.

செல்வநாயகம் றிஸ்வானிடம் மன்னிப்புக் கேட்டார். கையோடு இன்னொன்றும் சொன்னார்: “அவன்ர திறப்பைச் சேர்வரில இருந்து அழிச்சுவிடும். ஆள் இல்லாத திறப்பு ஆபத்து.” தொழிலின்படி அது சரியான பேச்சு. றிஸ்வானே எழுதிவைத்த விதியும் அதுதான். அழிக்கும் முன் ஜெயரூபிக்குச் சொல்லாமல் இருக்க அவனுக்கு மனம் வரவில்லை.

அவள் போனை மேசையில் சார்ஜுக்குப் போட்டிருந்தாள். நீலச் சேட் கொடியில் தொங்கியது. தோய்த்துக் காயப் போட்டிருக்கிறாள். “அழிச்சா, அவர் எங்கையாவது இருந்து அனுப்பினாலும் நீங்கள் நம்ப மாட்டியள், என்ன?” என்று கேட்டாள்.

“போன் உங்களட்டைத்தானே அக்கா இருக்கு? அவர் எப்பிடி அனுப்புவார்?”

“எனக்குத் தெரியும் தம்பி” என்றாள் அவள். “எண்டாலும் அழியாதேங்கோ.”

அழித்துவிட்டேன் என்று செல்வநாயகத்திடம் பொய் சொன்னான் றிஸ்வான். அவன் தொழிலில் சொன்ன முதல் பொய் அது.

மாரி போய்ப் பனி வந்து, பனி போய்ச் சித்திரை வந்தது. மறுபடியும் றோட்டுகளில் வெடிச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்த அந்த நாட்களில், வருஷப் பிறப்போடு அரசாங்கம் ஓர் அறிவித்தல் விட்டது. நாடு முழுவதும் மணிக்கூடுகளை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்ப வேண்டுமாம். புது நேரம் ஒழிந்தது; அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இனி ஒரே நேரம். சண்டை பிடிப்பதற்கு மட்டும் ஒன்றாக நேரம் பார்த்துவிட்டார்கள் என்று பொன்னையா காறித் துப்பினார்.

வருஷப் பிறப்புக் கழிந்த கையோடு ஜெயரூபி அலுவலகத்துக்கு வந்தாள். கைப்பையிலிருந்து அந்தப் போனை எடுத்தாள். சார்ஜ் நிறைய இருந்தது.

“இதில நேரம் மாத்தத் தெரியேல்ல தம்பி. ஒருக்கால் மாத்தித் தாங்கோ.”

றிஸ்வான் மாற்றிக் கொடுத்தான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இப்ப அவர்ர கையில இருக்கிற மணிக்கூடும் இதுவும் ஒரே நேரம், என்ன?” என்றாள். “வந்தாரெண்டா ஒண்டையும் மாத்தத் தேவையில்லை.”

அவன் ஓம் என்றான். அவள் போன பிறகு புரோகிராமைத் திறந்தான். இனி எல்லாருக்கும் ஒரே நேரம் என்பதால், முன்பு கழற்றி எறிந்த காவலைத் திரும்பப் போடலாம். எப்போது எழுதியது என்று ஒவ்வொரு கோரிக்கையிடமும் கேள், பிந்தி வந்தால் ஏற்காதே என்று எழுதினான். எழுதி முடித்தும் கை எழவில்லை. திரும்பப் போய் இன்னும் ஒரு வரி சேர்த்தான். அனோஜனின் திறப்போடு வருவது எதுவானாலும், எப்போது எழுதியது என்று கேட்காமல் ஏற்றுக்கொள்ளும்படி அந்த வரி சொன்னது.